பரிசீலனையில் ஒரு கருப்பை

அந்த அலுவலகத்தின் பொருள் கிடங்குப் பிரிவில் பத்தொன்பது ஆண்டுகளாகக் குப்பை கொட்டிய பெண்மணியை எல்லோரும் பழுதம்மா என்றே அழைத்தார்கள். பெற்றோர் ஆசையாக வைத்த பெயர் ஒன்றும் இருந்தது. அது வருகைப் பதிவேட்டுக்குள் மட்டும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

பட்டப்பெயருக்குக் காரணம் உண்டு. எந்தப் பிரிவிலிருந்து எந்த நாற்காலி உடைந்து வந்தாலும், "உபயோகமற்றது, கழித்துவிடலாம்" என்று அதோடு ஒரு குறிப்பும் வரும். பழுதம்மா அந்தக் குறிப்பைச் சட்டை செய்யமாட்டாள். நாற்காலியைத் தலைகீழாகக் கவிழ்த்து, வைத்தியர் நெஞ்சில் தட்டுவதுபோல் அடிப்பலகையில் இரண்டு தட்டு தட்டி, "பழுது பார்க்கலாம்" என்று எழுதிக் கையெழுத்திடுவாள். ஒன்றின் காலை இன்னொன்றுக்குப் பொருத்துவாள், செத்த மின்விசிறியின் இறக்கையைச் சாகக் கிடக்கும் மின்விசிறிக்கு மாட்டுவாள். மேலாளர் உட்காரும் நாற்காலியின் நான்கு கால்களும் நான்கு பிரிவுகளிலிருந்து வந்தவை. அவருக்கு அது தெரியாது. தெரிந்தவர்கள், அவர் பின்னால் சாயும்போதெல்லாம் மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள்.

உடனே முடிவு செய்ய முடியாத பொருளுக்கு ஒரு ஏற்பாடு இருந்தது. அதற்கு ஒரு கோப்பு திறந்து, பொருளின் கழுத்தில் "பரிசீலனையில் உள்ளது" என்று அட்டை கட்டித் தொங்கவிட்டால், கோப்பு மூடும்வரை யாரும் அதைத் தொடக்கூடாது. பின்னறையில் ஒரு மரப்பீரோ ஆறு ஆண்டுகளாகப் பரிசீலனையில் இருந்தது. கோப்பு திறந்த அன்று கதவு எவ்வளவு தொங்கியதோ அவ்வளவுதான் இன்றும் தொங்கியது. மனித குலம் காலத்தை நிறுத்த என்னென்னவோ செய்து தோற்றிருக்கிறது. அந்த அலுவலகம் ஓர் அட்டையையும் நூலையும் வைத்து அதைச் சாதித்திருந்தது.

இப்படிப்பட்ட அம்மாளின் கருப்பையில் கட்டி என்று பரிசோதனை மையத்தில் சொன்னபோது அவளுக்கு வயது நாற்பத்தொன்று.

அதற்கு முன்பே ஓராண்டாக மாதவிலக்கு என்பது மாதத்தில் பத்து நாள் தண்டனை என்று ஆகியிருந்தது. கறுப்பு, கருநீலம், கரும்பச்சை தவிர வேறு நிறத்தில் உடுத்துவதை அவள் விட்டாள். தபால் பிரிவு அக்கா ஒருநாள் கேட்டேவிட்டாள்.

"என்னடி, யாருக்காவது துக்கமா?"

"எனக்குத்தான்."

"நல்லா இருக்கும்போதே ஆரம்பிச்சிட்டியா?"

பரிசோதனை அறிக்கையில் மூன்று கட்டிகள் இருந்தன. மருத்துவத் துறையில் ஒரு பழக்கம், கட்டிகளைப் பழங்களாகத்தான் அளப்பார்கள். பழுதம்மாவுக்கு ஓர் எலுமிச்சை, ஓர் ஆரஞ்சு, ஒரு திராட்சை. பழக்கூடையோடு நோயாளியைப் பார்க்க வருவது உலக வழக்கம். இவள் பழக்கூடையாகவே போய் நின்றாள்.

மருத்துவர் நிதானமான பெண். ஒரு தாளில் படம் வரைந்து காட்டினார்.

"இது புற்றுநோய் மாதிரி தெரியலம்மா. பயப்படாதீங்க. மாத்திரை கொடுத்து ரத்தப்போக்கைக் குறைக்கலாம், ஆனா கட்டி அப்படியேதான் இருக்கும். ஊசி போட்டா கொஞ்சம் சுருங்கும், நிறுத்தினா திரும்ப வளரும். ரத்தக் குழாயை அடைச்சு கட்டியைச் சுருங்க வைக்கிற முறையும் இருக்கு. குழந்தை வேணும்னு நினைக்கிறவங்களுக்கு அதை நாங்க பொதுவா சொல்றதில்ல. கட்டியை மட்டும் எடுக்கலாம். கடைசி வழி, கர்ப்பப்பையையே எடுக்கிறது. குழந்தைங்க எத்தனை?"

"இன்னும் இல்ல டாக்டர்."

அந்த "இன்னும்" என்ற சொல்லில்தான் அவளுடைய சொத்து முழுவதும் இருந்தது. எட்டு ஆண்டுத் திருமணம். இரண்டு முறை கருவுற்று, இரண்டும் மூன்றாம் மாதத்தில் கலைந்தன. இரண்டாவது கலைந்து ஐந்து ஆண்டுகள் ஆகிவிட்டன. உறவினர்கள் கேட்பதை நிறுத்திவிட்டார்கள். அவள் மட்டும் "இல்லை" என்று ஒருநாளும் சொன்னதில்லை.

மருத்துவர் அந்தச் சொல்லைக் கவனித்தார்.

"அப்போ கட்டியை மட்டும் எடுத்துடலாம். மூணுதான், இடமும் வசதியா இருக்கு. கர்ப்பப்பை தங்கும். வீட்ல யோசிச்சு சொல்லுங்க. ஆனா ரொம்ப நாள் தள்ளாதீங்க."

பழுதம்மாவின் காதில் "யோசிச்சு சொல்லுங்க" என்பது ஆணைபோல் விழுந்தது. மீதி வாக்கியம் படிக்கட்டு இறங்குவதற்குள் கரைந்துவிட்டது.

மறுநாளே கோப்பு திறக்கப்பட்டது. நான் கதைக்காக அளக்கவில்லை, நிஜமான பழுப்பு அட்டைக் கோப்பு. உள்ளே ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட ஓர் அட்டவணை. இடது பக்கம் ஐந்து வழிகள். மேலே தலைப்புகள்: "நன்மை", "தீமை", "தங்குமா", "யார் சொன்னது". "தங்குமா" என்ற தலைப்பின் கீழ் மட்டும் சிவப்பு மையால் எழுதினாள்.

"யார் சொன்னது" கட்டம்தான் முதலில் நிரம்பியது. ஊரிலிருந்து உடன்பிறந்த அக்காள் தொலைபேசியில் வந்தாள்.

"எங்க பக்கத்து வீட்டுப் பொண்ணு ஒரு வேர்ப்பொடி சாப்பிட்டா, மூணே மாசத்துல கட்டி கரைஞ்சு காணாம போயிடுச்சு."

"திரும்ப ஸ்கேன் எடுத்துப் பாத்தாளா?"

"எதுக்கு எடுக்கணும்? அதான் கரைஞ்சிடுச்சே!"

தபால் பிரிவு அக்கா எதிர்க்கட்சி. அவள் கருப்பையை எடுத்துப் பத்து ஆண்டுகள் ஆகின்றன.

"வெட்டிப் போட்டேன், விட்டது சனி. வெள்ளை உடுத்துறேன், பஸ்ல ஜன்னல் சீட்ல உக்காந்து வர்றேன், எழுந்திருக்கும்போது திரும்பிப் பாக்கிறதில்ல. உனக்கு அது எதுக்குடி இனிமே?"

"உங்களுக்கு ரெண்டு பசங்க இருக்காங்கக்கா."

"அதுங்களைப் பாத்தப்புறமும் உனக்கு ஆசை வருதே, அதான் எனக்கு ஆச்சரியமா இருக்கு."

கணவர் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் ஆசிரியர். அவருடைய வண்டியில் கற்பவர் காலுக்கு ஒரு பிரேக், அவர் காலுக்கு ஒரு பிரேக். வீட்டில் அவர் தன்னுடையதை ஒருநாளும் மிதித்ததில்லை.

"உனக்கு எது சரின்னு படுதோ, அதைச் செய்."

"உங்களுக்கு என்ன படுது?"

"உன் உடம்பு நல்லா இருந்தா போதும்."

இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று தெரியாமல், கோப்பின் ஓரத்தில் பென்சிலால் குறித்துவைத்தாள்.

இவ்வாறாக ஆலோசனை நடைபெற்றது. ஆண்டு இறுதிச் சரக்குக் கணக்கெடுப்பு முடியட்டும் என்று இரண்டு மாதம். கட்டிடத்துக்கு வெள்ளையடிக்கிறார்கள், சாமான்களை யார் இடம் மாற்றுவது என்று ஒரு மாதம். அக்காள் சொன்ன வேர்ப்பொடிக்கு நியாயமாக மூன்று மாதம் கொடுக்க வேண்டாமா என்று மூன்று மாதம். அதன்பின் வந்த மாதங்களுக்கும் ஆளுக்கொரு காரணம் கிடைத்தது. ரத்தப்போக்குக்கான மாத்திரையை அவள் ஒழுங்காக விழுங்கினாள். இரும்புச்சத்து மாத்திரை வயிற்றைப் பிடித்ததால் அதை மேசை இழுப்பறையில் பத்திரப்படுத்தினாள். அட்டவணை நாளுக்கு நாள் அழகாகிக்கொண்டே வந்தது. "கட்டியை மட்டும் எடுத்தல்" என்ற வரிக்கு எதிரே, சிவப்பு மையில், "தங்கும்" என்று இருந்தது. களைப்பாக இருக்கும் நாட்களில் அவள் கோப்பைத் திறந்து அந்த ஒரு சொல்லைப் பார்த்துவிட்டு மூடுவாள். அவ்வளவு தெம்பு எந்த மாத்திரையிலும் வந்ததில்லை.

அவள் ஏமாந்தது இங்கேதான். வேறு யாராக இருந்தாலும் நடுவில் ஒருமுறை மீண்டும் ஸ்கேன் எடுத்திருப்பார்கள். பழுதம்மாவுக்கு அந்த எண்ணமே உதிக்கவில்லை. பரிசீலனையில் இருக்கும் பொருள், கோப்பு திறந்த நாளில் எப்படி இருந்ததோ அப்படியேதான் இருக்கும். பத்தொன்பது ஆண்டுகளாக அவள் கண்ணால் கண்ட உண்மை அது. கருப்பைக்கு அலுவலக விதிகள் தெரியாது என்பதை யாரும் அவளிடம் எழுத்துமூலம் தெரிவிக்கவில்லை.

பதினான்காவது மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றரை மணிக்கு, நாற்காலி ஒன்றைக் கவிழ்க்கக் குனிந்தவள் நாற்காலியோடு சேர்ந்து கவிழ்ந்தாள். தபால் பிரிவு அக்கா ஓடிவந்து பார்த்தபோது சிமெண்ட் தரை சிவந்திருந்தது. கரும்பச்சை உடை தன் கடமையைச் செய்யத் தவறியிருந்தது.

"ஏண்டி, இவ்வளவு போகுதுன்னு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?" என்றாள் அக்கா. கிண்டலுக்கு அவளிடம் அன்று ஒன்றும் மிச்சமில்லை.

மருத்துவமனையில் இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். புதிய ஸ்கேன் எடுத்தார்கள். மூன்றாம் நாள் அவள் கணவரோடு மருத்துவர் எதிரில் உட்கார்ந்தபோது மடியில் கோப்பு இருந்தது. கணவர்தான் வீட்டிலிருந்து எடுத்து வந்திருந்தார், அவள் கேட்டாள் என்பதற்காக.

"நான் முடிவு பண்ணிட்டேன் டாக்டர்" என்று அட்டவணையை நீட்டினாள். "கட்டியை மட்டும் எடுத்துடுங்க."

மருத்துவர் அதைக் கையில் வாங்கி வெகுநேரம் படித்தார். இவ்வளவு சுத்தமான கையெழுத்தை அவர் தம் தொழிலில் கண்டிருக்கமாட்டார்.

"இது போன வருஷத்து ரிப்போர்ட்டை வச்சு எழுதினதாம்மா?"

"ஆமா. அதுதானே ரிப்போர்ட்?"

மருத்துவர் புதிய படத்தை விளக்குப் பலகையில் மாட்டினார்.

"இப்ப ஏழு இருக்கு. பெருசு வந்து..." என்று ஆரம்பித்து, பழத்தின் பெயரைச் சொல்லாமல் நிறுத்திக்கொண்டார். "ரொம்பப் பெருசு. இது பக்கவாட்டுல போய் சிறுநீர்க் குழாயை அழுத்துது. இடது கிட்னி வீங்க ஆரம்பிச்சிருக்கு. இந்த ரெண்டும் கீழே, பெரிய ரத்தக் குழாய்ங்க பக்கத்துல உக்காந்திருக்கு. சுவர்ல நல்ல சதைன்னு சொல்ல அதிகம் இல்ல."

"எடுத்துட்டுத் தைக்க முடியாதா?"

"தைக்கிறதுக்கு ஏதாவது மிஞ்சணும்மா."

"மருந்து?"

"ஆபரேஷனுக்கு முன்னாடி உங்களைத் தேத்துறதுக்கு உதவும். அதுக்கு மேல இல்ல."

"முயற்சியாவது பண்ணலாமே?"

"பண்ணலாம்னு சொல்றவங்க இருப்பாங்க. நீங்க இன்னொருத்தர்கிட்ட கேளுங்க, நான் கோவிச்சுக்க மாட்டேன். நானே ஒருத்தரைச் சொல்றேன். ஆனா இந்த வாரமே கேளுங்க."

அந்த வாரமே கேட்டார்கள். இரண்டாமவர் முதியவர், கனிவானவர். திறந்து பார்க்கலாம் என்றார். திறந்தபின் ரத்தம் நிற்காவிட்டால் எடுத்துத்தான் ஆகவேண்டும், உயிருக்கே ஆபத்து வரலாம் என்றார். "அப்படித் தங்கினா, ஒரு குழந்தையைத் தாங்குமா?" என்று அவள் கேட்டாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உங்ககிட்ட பொய் சொல்ல எனக்கு வயசு போயிடுச்சும்மா" என்றார்.

"அப்போ போன வருஷம்?"

"போன வருஷம் போனதுதானே. அதை ஏன் கேக்குறீங்க?"

ஆனால் அவள் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். பேருந்தில், குளியலறையில், கிடங்கில், வாய் திறக்காமல். யார் மேலாவது பழி போட முடியுமா என்று சுற்றிப் பார்த்தாள். மருத்துவர் சொல்லியிருந்தார். அக்காளின் பொடி அக்காளின் பொடிதான். பழி போட ஆள் கிடைக்காதது பெரிய அநியாயம். அந்த வசதிகூட அவளுக்கு அமையவில்லை.

இரண்டு நாள் கழித்து முதல் மருத்துவரிடம் ஒப்புதல் படிவத்தோடு உட்கார்ந்தாள். ஒவ்வொரு வரியாகப் படித்தாள். அவர் பொறுமையாகக் காத்திருந்தார்.

"ஏதாவது கேக்கணுமா?"

"எடுத்ததை எங்க வைப்பீங்க?"

இப்படி ஒரு கேள்வியை அவர் எதிர்பார்க்கவில்லை. "சோதனைக்கு அனுப்புவோம். உள்ள வேற ஏதாவது இருக்கான்னு பாக்கணும்."

"அப்புறம்?"

"அப்புறம்... முறைப்படி அழிச்சிடுவாங்கம்மா."

"யாராவது கையெழுத்துப் போடுவாங்களா?"

"போடுவாங்க."

"சரி" என்றாள். பேனாவைத் திறந்து, இரண்டு பிரதிகளிலும், கோடு தாண்டாமல் கையெழுத்திட்டாள்.

வெளியே வண்டி நிறுத்துமிடத்தில் வெயில் கொளுத்தியது. கணவர் அவளுக்காக முன்கதவைத் திறந்துவிட்டு, தன் பக்கம் வந்து உட்கார்ந்தார். சாவியைப் போட்டார், திருகவில்லை.

"வெள்ளிக்கிழமை காலைல வெறும் வயித்துல வரச் சொன்னாங்க."

"ம். நான் லீவு சொல்லிட்டேன்."

"உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். பூசி மெழுகாம சொல்லணும்."

"கேளு."

"நமக்கு வரும்னு நீங்க எப்ப வரைக்கும் நினைச்சீங்க?"

அவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு முன்னால் நின்ற சுவரைப் பார்த்தார். ஓட்டக் கற்றுக்கொள்பவர்களிடம் தினமும் நூறு முறை, பார்வையைத் தூரத்தில் வையுங்கள் என்று சொல்கிறவர்.

"ரெண்டாவது தடவை ஆச்சே, அன்னிக்கே விட்டுட்டேன்."

"ஆறு வருஷமாவா?"

"ஆமா."

"ஒரு வார்த்தை சொல்லலையே."

"நீ நம்பிக்கை வச்சிருந்த. அதை எதுக்குக் கெடுக்கணும்னு..."

அவள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். ஆறு ஆண்டுகள், அவர்கள் இருவருக்குமானது என்று எண்ணிக் காத்துவந்த ஒன்றை, அந்த வீட்டில் அவள் தனியாகத் தூக்கிக்கொண்டு நடந்திருக்கிறாள். பதினான்கு மாதம் கோடு போட்டு எழுதியதும் அதற்காகத்தான். அவர் அன்றே சொல்லியிருந்தால் அழுதிருப்பாள், சண்டை போட்டிருப்பாள், பிறகு உயிர் பிழைக்கவாவது சீக்கிரம் போய்ப் படுத்திருப்பாள். அல்லது அப்படியும் இல்லை. எதுவும் இப்போது தெரியப்போவதில்லை.

பின்னால் ஒரு வண்டி, இடம் காலியாகும் என்று காத்திருந்து, பொறுமையிழந்து ஹாரன் அடித்தது.

"போலாமா?" என்றார் அவர்.

அவள் பெல்ட்டை இழுத்து வயிற்றின் மேல் மாட்டிக்கொண்டாள். "போங்க. அவங்க காத்துக்கிட்டிருக்காங்க."