ஊறவைத்த சிமெண்ட்

அகரத்தில் எங்கள் மாட்டுக்கொட்டகைக்குச் சுவர் கட்டிய கொத்தனாருக்கு விரலிடுக்கெல்லாம் சுண்ணாம்புப் புண். வரிசைக்கு வரிசை, மாட்டைத் தட்டுவதுபோல் உள்ளங்கையால் சுவரைத் தட்டிக்கொடுப்பார். சிமெண்ட் அவருக்குப் புதிது. சுண்ணாம்புக் கலவையைப் போலவே அதையும் முதல்நாளே குழைத்து ஊறவைத்தார். மறுநாள் இறுகிக் கிடந்ததை உடைத்து, தண்ணீர் விட்டுக் கட்டினார்.

ஐப்பசி மழையில் சுவர் சரிந்தது. பால் கறக்கப் போன என் மனைவி அதற்கடியில் இறந்துகிடந்தாள்.

ஓடிவந்த கொத்தனார் ஒரு செங்கல்லில் ஒட்டியிருந்த கலவையை விரலால் நசுக்கினார். மாவாக உதிர்ந்தது.

"ஊற ஊறத்தான் பிடிக்கும்னு நினைச்சேன் அப்பு" என்றார்.

அவளைப் புதைத்துவிட்டு எல்லோரும் கிளம்பிய பிறகும், குழிமேட்டு மண்ணை உள்ளங்கையால் தட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். திட்டத்தான் கிட்டே போனேன். என்னவோ, நானும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.