ஒற்றைச் செருப்பின் கடைசிப் பாகம்

பேய் என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். கிள்ளானில் முப்பது வருஷம் லோரி ஓட்டினேன், ஒன்றையும் பார்த்ததில்லை. படிப்பு மூன்றாம் வகுப்பு. பொய் ஜோடிக்க அது போதாது. நடந்ததை மட்டும் சொல்கிறேன். நம்பினால் நம்புங்கள்.

1988, ஆகஸ்ட் 20, சனிக்கிழமை. என் மகள் தனலெட்சுமிக்கு முதல் திவசம். ஒன்பது வயதில் போனாள்.

டிவியில் அப்போது ஒரு கார்ட்டூன் வரும். ஒற்றைச் செருப்பு ஒன்று தன் ஜோடியைத் தேடி ஊர் ஊராய்த் தத்திப் போகும். பேச்சே கிடையாது. டொக்... டொக்... அவ்வளவுதான். கிறுக்குப் படம் என்பேன். ஒவ்வொரு வாரமும் தனம் டிவி முன்னால் பாய் போட்டு, பக்கத்தில் எனக்கும் ஒரு தலையணை வைப்பாள். ஒருநாளும் நான் உட்கார்ந்ததில்லை.

கடைசிப் பாகம் வந்த அன்று எனக்கு வேலை. அவள் பார்க்கவில்லை. வீடியோவில் பதிந்து வைத்தாள், அப்பா வந்ததும் சேர்ந்து பார்க்கலாம் என்று. மேலே யாரும் வேறு பதிந்துவிடக் கூடாதென்று கேசட் முதுகிலிருக்கும் சின்னப் பிளாஸ்டிக்கைப் பேனாவால் உடைத்தும் விட்டாள்.

நான் வந்தபோது தூங்கியிருந்தாள். டிவியில் ரெஸ்லிங். வேறு கேசட் கையில் அகப்படவில்லை. அந்த ஓட்டையை மூடினால் மறுபடி பதியும். செலோடேப் ஒட்டினேன். ரெஸ்லிங்கைப் பதிந்தேன்.

மறுநாள் அவள் அழவில்லை. "அதுக்கு ஜோடி கெடச்சுச்சாப்பா?" என்று மட்டும் கேட்டாள்.

"எனக்கென்ன தெரியும், போ" என்றேன்.

மூன்றாம் நாள் காய்ச்சல். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அப்புறம் வீடு திரும்பவில்லை.

என் மனைவி பவுனம்மாள் அதிலிருந்து என்னோடு பேச்சை நிறுத்திவிட்டாள். சோறு வைப்பாள், அவ்வளவுதான்.

திவசத்துக்கு முந்தின வாரம் பிரிக்ஃபீல்ட்சில் பாலன் என்பவரின் வீடியோ கடையில் அதே கார்ட்டூனின் கடைசிப் பாகம் கேசட்டாக வந்திருந்தது. வாங்கினேன். படையலில் செத்தவருக்குப் பிடித்ததைத்தானே வைக்கிறோம். கோழி, வடை, ஒரு கிளாஸ் மைலோ. இதையும் ஓடவிடுகிறேன் என்றேன்.

பவுனம்மாள் வாய் திறந்தாள். "நீங்க போட்டா அவ வரமாட்டா."

கேசட்டை வீடியோ மெசினில் போட்டேன்.

படைத்தால் கதவைச் சாத்தி வெளியே நிற்க வேண்டும். யாரையும் நம்பாதவன் நான். ஜன்னலெல்லாம் பார்த்தேன். பின்கதவைத் தாழ்ப்பாள் போட்டேன். படத்தை ஓடவிட்டு வெளியே வந்தேன். முன்கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகினேன். வெளியே நாங்கள் மூன்று பேர். நான், பவுனம்மாள், அவள் தம்பி ரெங்கசாமி.

மணி 6.42.

டொக்... டொக்... கேட்டது. படம் இருபத்திரண்டு நிமிஷம்.

7.04. கடைசியில் சத்தம் மாறியது. டொக்டொக், டொக்டொக். இரண்டு செருப்பு. அப்புறம் நின்றது.

கிளக்.

கேசட் வெளியே வருகிற சத்தம் அது. தானாக வராது. பொத்தானை அமுக்க வேண்டும்.

"மச்சான், ஒங்க மெசினுக்கும் மூளை கொழம்பிருச்சா?" என்றான் ரெங்கசாமி. சிரிக்கப் பார்த்தான்.

கிளக். ஒரு கேசட் உள்ளே போனது.

சர்ர்ர்ர்... டேப் பின்னோக்கிச் சுற்றியது.

டக்.

பிறகு மெசின் ஓடும் மெல்லிய இரைச்சல் மட்டும். ரொம்ப நேரம்...

பவுனம்மாள் என் கையைப் பிடித்தாள். ஒரு வருஷம் கழித்து.

7.30. இரைச்சல் நின்றது. கிளக்.

திறந்தேன்.

மைலோவில் ஆடை கட்டியிருந்தது. யாரும் தொடவில்லை.

நான் போட்ட கேசட் மெசின் மேலே இருந்தது. மெசின் காலி.

டிவி முன்னால் பாய்.

பக்கத்தில் தலையணை. நாங்கள் வெளியே வரும்போது பூட்டிய பீரோவின் மேல்தட்டில் இருந்தது அது.

தலையணையில் மஞ்சளாய் ஒரு துண்டு செலோடேப் ஒட்டியிருந்தது. பவுனம்மாள் பிய்த்துக் கையில் வைத்துக்கொண்டே அழுதாள்.

மறுநாள்தான் எனக்கு உறைத்தது. பீரோவைத் திறந்தேன். ஒரு வருஷமாய்ப் பூட்டி வைத்திருந்த தனத்தின் பழைய கேசட் உள்ளேயே இருந்தது. அதன் முதுகில் செலோடேப் இல்லை. ஓட்டை திறந்து கிடந்தது. இனி அதில் யாரும் எதையும் பதிய முடியாது.

பாலன் கடையில் ஓட்டிப் பார்த்தோம். ரெஸ்லிங் இல்லை. கடைசிப் பாகம் முழுசாய் இருந்தது.

"புது கேசட்டுலேருந்து காப்பி எடுத்திருக்கீங்க, அங்கிள்" என்றார் பாலன். "அதுக்கு ரெண்டு மெசின் வேணுமே. யாருகிட்ட எரவல் வாங்குனீங்க?"

யாரிடமும் வாங்கவில்லை. என் வீட்டில் இருப்பது ஒன்றுதான்.