இரவல் டயரில் ஒரு எஃப்.சி.

கொடைக்கானல் டாக்ஸி ஸ்டாண்டில் நான்கு டயர்கள் பொதுவாக இருந்தன. கார் ஓட்டுகிறவர்கள் சிலர் கூட்டாகச் சேர்ந்து, ரிம்மோடு வாங்கி வைத்தவை. மலை வளைவுகளில் டயர் சீக்கிரம் மொட்டையாகிவிடும்; அடிக்கடி மாற்றக் கட்டுப்படியாகாது. ஆனால் எஃப்.சி. என்ற தகுதிச் சான்று எடுக்காமல் வண்டி ஓட்ட முடியாதே. பிரேக் இன்ஸ்பெக்டர் பழனிக்கு வரும் நாளில் ஒருவர் அந்த நான்கையும் மாட்டிக்கொண்டு இறங்குவார். வண்டி பாஸானதும் கழற்றி அடுத்தவருக்குக் கொடுத்துவிட்டு, பழைய டயரில் மலை ஏறுவார்.

என் மகனும் இப்படித்தான் செய்கிறான் என்பது, எண்பதுகளின் தொடக்கத்தில் ஒருநாள் அவனோடு பழனிக்குப் போனபோதுதான் தெரிந்தது. கணவர் இறந்தபின் எனக்கு மிஞ்சியவை பள்ளிக்கூட வேலையும் அவனும்தான். கோயிலுக்குப் போகலாம் என்று அவனுடைய அம்பாசிடரில் ஏறிக்கொண்டேன். கேரியரில் தார்ப்பாய் போட்டு எதையோ கட்டியிருந்தான்.

இன்ஸ்பெக்டர் டயரைத் தடவிப் பார்த்தார். "மலையில ஓட்டுற வண்டின்னா இப்படி இருக்கணும்" என்று மகனைப் பாராட்டினார். எனக்குப் பெருமையாக இருந்தது.

பிறகு ஒரு புளியமரத்தடியில் மகன் ஜாக்கி வைத்தான். ஸ்டாண்டில் அவனுக்கு மூத்த டிரைவர் ஒருவர் அங்கே தன் காரோடு காத்திருந்தார். தார்ப்பாய்க்குள் இருந்து இறங்கிய பழைய டயர்களில் உள்நூல் வெள்ளையாகத் தெரிந்தது.

"என்னய்யா இது?" என்றேன்.

மூத்தவர் சிரித்தார். "ஸ்டூடியோ கோட்டு மாதிரிங்க டீச்சர். போட்டோ எடுத்ததும் கழட்டிக் குடுத்துரணும்."

"அந்த நல்ல டயருலயே மேல போயிருவோமேய்யா" என்றேன் மகனிடம்.

"அண்ணன் வண்டி வரிசையில நிக்கணும்மா. வெரசா ஏறுங்க" என்றான் மகன்.

பாதி மலையில் பின்பக்க டயர் வெடித்தது. கார் பள்ளத்துப் பக்கமாக இழுத்துக்கொண்டு போய், ஓரத்துக் கல்லில் இடித்து நின்றது. எங்களுக்கு அடி இல்லை. ஆனால் என் பக்கக் கதவைத் திறந்தபோது கால் வைக்கத் தரை இல்லை. அவன் பக்கமாகத்தான் இறங்கினேன். ஸ்டெப்னியில் காற்று இல்லை. சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு, முட்டைக்கோஸ் லாரி ஒன்றை மறித்து அவன் கீழே போனான்.

மூடுபனி இறங்கியது. காரும் நானும் மட்டும். மேலே போன பஸ்ஸை நிறுத்தி, "ஏறுங்கம்மா, இங்கன தனியா என்ன சோலி?" என்றார் கண்டக்டர். மகன் வருவான் என்றேன். பஸ் போனபின் அவன் போன லாரியின் டயரை நினைத்தேன். அதையும் நான் பார்த்திருக்கவில்லை.

அவன் வேறொரு பஸ்ஸின் மேலே ஒரு சக்கரத்தை ஏற்றிக்கொண்டு வந்தான். "அண்ணன் வண்டி பாஸாயிருச்சு. பொது டயர்ல ஒண்ணு குடுத்துவிட்டாரு. மேல போனதும் திருப்பிக் குடுத்துரணும்."

மறுநாள் வெள்ளனே அந்த மூத்த டிரைவர் ஸ்பானரோடு வீட்டுக்கு வந்தார். நான் அந்தச் சக்கரத்தின் முன்னால் போய் நின்றுகொண்டேன்.

"விலையைத் தந்துர்றேங்க. இதைக் கழட்ட விடமாட்டேன்."

"விலை யாருக்கு வேணும்? மூணு டயரை வச்சு எஃப்.சி. எடுக்க இதென்ன ஆட்டோவா? புதுசு கிடைக்கிறதுக்குள்ள நம்மாளு ஒருத்தன் வண்டி நிக்கப் போகுதுங்க டீச்சர்."

"நிக்கட்டும். பள்ளத்துல உருண்டு போறதுக்கு நிக்கிறது மேல்."

அவர் என் மகனைப் பார்த்தார். அவன் என்னைப் பார்க்கவில்லை. "நான் இனிமே ஸ்டாண்டுல எப்படிம்மா நிக்கிறது?" என்று மட்டும் கேட்டான்.

மூத்தவர் டயரைக் கழற்றாமலே திரும்பிப் போனார். அவனால் ஸ்டாண்டில் நிற்க முடியவில்லைதான். மற்ற மூன்று டயர்களையும் அந்த மாதமே மாற்ற வைத்தேன். ஆனால் சவாரி வந்தால் அவனைக் கூப்பிட ஆளில்லை. நான் கடைத்தெருவுக்குப் போனால் டீக்கடையில் பேச்சு நின்றுவிடும். மழைக்காலம் முடிவதற்குள் அவன் காரை ஓட்டிக்கொண்டு திண்டுக்கல் பக்கம் போய்விட்டான்.

எப்போதாவது பஸ்ஸில் வருகிறான். ஓர் இரவு தங்குவான். சாப்பாடு, பள்ளிக்கூடம், மழை என்று பேசுவோம். இப்போது என்ன டயர் போட்டிருக்கிறாய் என்ற கேள்வி என் வாய்வரை வரும். கேட்டால் அடுத்த முறை வராமல் போய்விடுவானோ என்று, இன்னும் கொஞ்சம் சோறு போட்டுக்கொள் என்பேன்.