டோரீன் வாங்கிய அணில் துப்பாக்கி

டோரீன் ஹாக்கன்பெர்க்கின் வலது புருவத்துக்கு மேலே பிறை போல ஒரு தழும்பு இருக்கிறது. யாராவது கேட்டால் மறைக்க மாட்டாள். "ஆர்வில் குடுத்த பரிசு" என்பாள். ஆர்வில் பக்கத்தில் இருந்தால் இன்னும் சத்தமாகச் சொல்லுவாள்.

ஆர்வில் அவள் கணவன் கிளைடுக்கு அண்ணன். பாட்டர் கவுண்டி மலையில் இருக்கும் எங்கள் மான் வேட்டைக் குடிசைக்குத் தலைவன் என்று தன்னைத்தானே நியமித்துக்கொண்டவன். அந்த வசந்தத்தில் கிளைடு நெஞ்சுவலியில் போய்விட்டான். ஜன்னலோரத்தில் அவன் படுக்கும் கட்டில் காலியானது. "அது எனக்கு வேணும்" என்றாள் டோரீன். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள், ஐம்பது வயதுவரை துப்பாக்கியைத் தொட்டதில்லை. எங்கள் குடிசையில் பெண் உறுப்பினரும் இருந்ததில்லை. புது உறுப்பினர் என்றால் எல்லோரும் கை தூக்க வேண்டும். நான் உட்பட மற்றவர்கள் தூக்கினோம். ஆர்வில் இரண்டு கைகளையும் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு, "இந்த சீசனுக்கு விருந்தாளியா வரட்டும். தாங்கறாளான்னு பாப்போம்" என்றான்.

தாங்குகிறாளா என்று பார்க்க அவளை ஜல்லிக் குழிக்கு அழைத்துப்போய், தன்னுடைய 300 மேக்னம் துப்பாக்கியைக் கையில் கொடுத்தான். கரடியையே கவிழ்க்கும் தோட்டா அது. தோளில் அண்டக்கொடுக்கும் பின்கட்டை அவள் கைக்கு நீளம். கழுத்தை முன்னால் நீட்டினால்தான் குழல்மேல் இருந்த தொலைநோக்கியில் எதுவும் தெரிந்தது. விசையை அழுத்தினாள். துப்பாக்கி உதைத்த உதையில் தொலைநோக்கியின் விளிம்பு புருவத்தைப் பிளந்தது. ஆர்வில் தொடையைத் தட்டிச் சிரித்தான். எனக்கு அன்று வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. முதல் நாளே அதைக் கையில் திணிக்கிறவனுக்குச் சொல்லிக்கொடுக்கும் எண்ணம் கிடையாது, துரத்துகிற எண்ணம்தான்.

டோரீன் கைக்குட்டையால் ரத்தத்தை அழுத்திக்கொண்டே அவனைப் பார்த்தாள். "ஏன்யா, மான் சாகணும்னா முதல்ல நான் சாகணுமா? எனக்கு எது தோதோ அத நானே வாங்கிக்கறேன்."

கடைக்கு நான்தான் வண்டியில் கூட்டிப்போனேன். கடைக்காரன் அவளைக் கண்டதும் இளித்துக்கொண்டு ஒரு குட்டைத் துப்பாக்கியை எடுத்துவைத்தான். பிளாஸ்டிக் கட்டை, 308 தோட்டா.

"பொம்பளைங்களுக்குன்னே செஞ்சதும்மா. தூக்கிப் பாருங்க, இறகு மாதிரி இருக்கும்."

"தூக்கறதுக்கு லேசு. சுட்டா யாரு தோள்ல இடிக்கும், உன் தோள்லயா?" என்றாள். "நான் பஸ் ஓட்டறவ. காலி பஸ்தான் பள்ளத்துல தூக்கித் தூக்கிப் போடும். பிள்ளைங்க நெறஞ்ச பஸ் அப்படியே அமுங்கிப் போயிடும். கனமானதா எடு, சின்னத் தோட்டாவா எடு."

வால்நட் மரக்கட்டை போட்ட, தடித்த குழல் வைத்த, சின்னத் தோட்டா போடும் ஒரு 243-ஐத் தேர்ந்தெடுத்தாள். கட்டையை அவள் கை நீளத்துக்கு அறுத்து, பின்னால் ரப்பர் மெத்தை வைத்துத் தரச் சொன்னாள். எங்கள் ஊர் மானுக்கு அது தாராளமாகப் போதும், இடம் பார்த்துச் சுட்டால். கோடை முழுக்க ஜல்லிக் குழியில் பயிற்சி செய்தாள். கண்ணைச் சிமிட்டாமல் சுடுவதைப் பார்க்க எனக்கே பொறாமையாக இருந்தது. ஆர்வில் மட்டும் பார்க்கும்போதெல்லாம், "அணில் துப்பாக்கி எப்படி இருக்கு? எத்தன அணில் அடிச்சே?" என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

சீசனின் முதல் திங்கட்கிழமை நல்ல பனி. கிளைடின் சிவப்புக் கட்டம் போட்ட கம்பளிச் சட்டையை உள்ளே போட்டுக்கொண்டு டோரீன் ஓடைப் பக்கம் போய் உட்கார்ந்தாள். காலையிலேயே ஒரு வெடிச் சத்தம் கேட்டது. மத்தியானம் வெறுங்கையோடு திரும்பினாள்.

"தவறிப்போச்சு" என்றாள், கதவைத் திறந்ததுமே.

ஆர்வில் காலையிலிருந்தே பீரில் இருந்தான். துள்ளி எழுந்தான். "நான் சொன்னேனா இல்லயா? அணில் துப்பாக்கிய வச்சுக்கிட்டு மான் வேட்டையாம்!"

"துப்பாக்கி மேல பழியப் போடாதே. கொம்பப் பாத்ததும் எனக்குக் கை நடுங்கிருச்சு. குண்டு முதுகுக்கு மேல போயி பின்னால மரத்துல பட்டை தெறிச்சத என் கண்ணால பாத்தேன். நீ சொல்லு, உன் குண்டு எங்க போச்சுன்னு கடைசியா எப்பப் பாத்தே? சுடும்போதுதான் கண்ண இறுக்க மூடிக்கறியே!"

எல்லோரும் ஓவென்று சிரித்துவிட்டோம். ஆர்வில் முகம் பீட்ரூட்டாகிவிட்டது.

"கத்திரிக்கோல் எடுங்கடா!" என்று கத்தினான்.

மானைத் தவறவிட்டவன் சட்டையின் பின்முனையை வெட்டி, பேர் எழுதி, அடுப்புக்கு மேலே சுவரில் ஆணியடிப்பது எங்கள் வழக்கம். ஆனால் அது உறுப்பினருக்கு மட்டும். விருந்தாளி தவறவிட்டால் ஒரு கிண்ணம் சூப் ஊற்றிக் கொடுத்து விட்டுவிடுவோம். அதைச் சொல்ல நான் வாயைத் திறந்தேன். டோரீன் பூட்ஸ் காலால் என் காலை நன்றாக மிதித்தாள். வாயை மூடிக்கொண்டேன்.

அவள் மேல்கோட்டைக் கழற்றிவிட்டு ஆர்விலுக்கு முதுகைக் காட்டி நின்றாள். "நல்லாப் பெருசாவே வெட்டு" என்றாள். கிளைடின் சட்டையில் கத்திரி ஓடும்போது அவள் உதடு மட்டும் ஒருமுறை துடித்தது. ஆர்வில் துணியில் கொட்டை எழுத்தில் அவள் பேரை எழுதினான். கிளைடின் பழைய துணிகளுக்குப் பக்கத்தில் வைத்து, குடிசையே அதிர ஆணியை அடித்தான்.

அவள் அவன் முடிக்கும்வரை பொறுமையாக இருந்தாள்.

"ஆர்வில், அந்தச் சுவத்துல விருந்தாளி துணி ஒண்ணாவது இருக்கா?"

சுத்தியல் கையோடு ஆர்வில் சுவரைப் பார்த்தான். எல்லாப் பேரையும் படித்தான். அவன் அப்பா பேர் இருந்தது, அவன் பேரே ஏழெட்டு இடத்தில் இருந்தது. எங்களில் ஒருவன் தொண்டையைச் செருமினான்.

"வேணும்னா பிடுங்கிடு," என்றாள் டோரீன். "நீதான அடிச்சே."

அந்தச் சுவரிலிருந்து யாரும் எதையும் பிடுங்கியதில்லை. ஆர்வில் சுத்தியலை மேஜைமேல் வைத்துவிட்டு உட்கார்ந்தான்.

டோரீன் தன் பையைத் தூக்கிப்போய் ஜன்னலோரக் கட்டிலில் போட்டாள். 243-ஐ அதற்கு மேலே, கிளைடு மாட்டும் கொக்கியில் மாட்டினாள்.

"காலையில என்னை எழுப்பி விடு ஆர்வில்," என்றாள், பூட்ஸைக் கழற்றிக்கொண்டே. "அந்த மான் இன்னும் ஓடைப் பக்கந்தான் இருக்கு."