வராமல் போன ஆங்கிலப் பேப்பர்

வெள்ளவத்தையில் ஒரு பல் வைத்தியரிடம் சுபோதினியும் பஹ்மிதாவும் வேலை செய்தார்கள். பஹ்மிதா அங்கே வரும் ஆங்கிலப் பேப்பரில் புதுப்புதுச் சொற்களைப் பொறுக்கி, நோயாளிகளோடு கதைத்துப் பழகினாள். டொக்டர் அவளை மெச்சும்போதெல்லாம் சுபோதினிக்கு வயிறு எரிந்தது. பேப்பர் நின்றுவிட்டது என்று பஹ்மிதாவிடம் சொல்லி, காலையிலேயே அதைத் தன் பைக்குள் ஒளித்து, வீட்டில் அகராதியோடு வாசிக்கத் தொடங்கினாள்.

ஒருநாள் காத்திருந்து சினந்த நோயாளி ஒருவரிடம், தவிர்க்க முடியாத தாமதம் என்பதை சுபோதினி ஆங்கிலத்தில், "அன்அவொய்டபிள் டிலே, சேர்" என்றாள். மனிதர் அடங்கிவிட்டார்.

"அழகான சொல்! எங்க படிச்சீங்க?" பஹ்மிதா மனதாரக் கேட்டாள்.

"பேப்பரில."

"பேப்பர்தான் இப்ப வாறல்லயே?"

சுபோதினிக்கு முகம் கறுத்தது. பையிலிருந்து பேப்பரை எடுத்து மேசையில் வைத்தாள். பஹ்மிதா அதை விரித்தாள். அவள் எங்கே தன்னை முந்திவிடுவாளோ என்று சுபோதினியும் எட்டிப் பார்த்து வாசித்தாள்.