சதுக்கத்து மரத்தின் கீழ்க்கிளை

மிட்டாயைச் சுற்றுவதற்கு முன் வில்மா அத்தை தாளின் மேல் ஊதுவார். மெல்லிய வெள்ளைத் தாளின் இரண்டு ஓரமும் இழை இழையாக நறுக்கியிருக்கும். இழைகள் ஒட்டிக்கொண்டிருந்தால் குஞ்சம் விரியாது. உதட்டைக் குவித்து ஒரே ஊது, எழுந்து நிற்கும். நடுவில் பாகுக்கட்டியை வைத்து உருட்டி, இரு முனையையும் எதிரெதிராக ஒரு திருகு. மூச்சில் சிகரெட் நெடி அடிக்கிறது என்று எங்கள் செந்தெஷ் ஊரில் பழித்தவர்கள் உண்டு. பழித்தவர்களும் வாங்கினார்கள், ஒரு காலத்தில்.

எதிர்ச்சாரியில் மூக்குக்கண்ணாடிக் கடையில் எனக்கு வேலை. நாள் முழுக்க என் ஜன்னலில் அவருடைய கதவுதான். எங்கள் வீடுகளில் கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்குவது மிட்டாய். பிள்ளைகள் உள்ளே இருப்பதைத் தின்றுவிட்டு வெறுந்தாளை முறுக்கி அப்படியே தொங்க விடுவார்கள். பெரியவர்கள் பார்க்காததுபோல இருப்பார்கள். இப்போது அக்டோபரிலேயே சூப்பர் மார்க்கெட்டில் ஃபேக்டரி மிட்டாயைக் குவித்துவிடுகிறார்கள். அத்தையின் கதவு திறப்பதே அபூர்வம்.

நவம்பரில் நகராட்சியிலிருந்து லெஹெல் வந்தான்.

"அத்தை, சதுக்கத்து மரத்துக்கு மிட்டாய் வேணும். ரெண்டு மூட்டை. ஜிகினாத்தாள் நாங்க தர்றோம்."

"சர்க்கரை?"

"சர்க்கரை எதுக்கு? மழையில ஒழுகும். உள்ள தெர்மாகோல் வெச்சுச் சுத்துங்க, போதும்."

"சின்ன வயசுல உங்கம்மா மரத்தை மொட்டையடிச்சியே, அப்ப தெர்மாகோலையாடா தின்னே?"

"அதான் இப்படி ஊதிட்டேன்" என்று வயிற்றைத் தட்டிக்கொண்டு போனான்.

சாயங்காலம் அவருடைய கண்ணாடிக்குத் திருகாணி போட்டு எடுத்துப் போனேன். அடுப்பில் பாகு கொதித்துக்கொண்டிருந்தது. தெர்மாகோல் பையின் மேல் பூனை படுத்திருந்தது.

"அத்தை, லெஹெல் தெர்மாகோல்தானே வைக்கச் சொன்னார்?"

"அவன் கிடக்கான். யார்கிட்டயும் மூச்சு விடாதே, தம்பி. பிள்ளைங்க கைக்கு எட்டுற கீழ்க்கிளையில கொஞ்சமாவது வெறுந்தாளாகட்டும், அடுத்த வருஷமும் கடை இருக்கும். இல்லேன்னா செகெட்ல மக வீட்டுக்குப் போயிடறேன். எனக்கும் கால் கடுக்குது."

"பிள்ளைங்க விட்டு வைப்பாங்களா?" என்றேன். நம்பித்தான் சொன்னேன்.

அந்தக் குளிர்காலம் மழையே இல்லை, காய்ந்த பனிதான். மரத்தடியில் பிள்ளைகள் கத்தி விளையாடினார்கள். அத்தை தினமும் ரொட்டி வாங்கும் சாக்கில் அந்த வழியாகப் போய், கையுறையோடு கீழ்க்கிளையை அமுக்கிப் பார்த்துவிட்டு வருவார். ஒருநாள் என் கடை வாசலிலேயே நின்றுவிட்டார்.

"ஒரு பொடியன் எட்டிப் பிடிச்சான். மூக்குகிட்டக் கொண்டுபோனான். அப்புறம் விட்டுட்டான், தம்பி. என் மிட்டாயை மோந்து பார்த்துட்டு விட்டுட்டான்."

ஜனவரியில் மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்து மரத்தை வெட்டி எடுத்தபோது, மிட்டாயைக் கேட்டு வாங்கி வந்தார். மேசையில் கொட்டி ஒவ்வொன்றாகப் பிரித்தார். எல்லாம் முழுசு, கல்லாக இறுகியிருந்தது.

"திருடக்கூட எவனுக்கும் வேண்டாமாம்" என்றார். பிறகு என் கையில் ஒன்றைத் திணித்தார். "நீயாவது தின்னு."

தின்றேன். பல் கூசியது.

மாதக் கடைசியில் செகெட் பஸ் ஏறினார். செப்புப் பாகுச்சட்டியை ஆற்றங்கரை ஹோட்டல்காரர் வாங்கி, மண் நிரப்பிப் பூச்செடி வைத்திருக்கிறார். கடையில் இப்போது செல்போன் உறை விற்கிறார்கள்.

ஈஸ்டருக்குப் பிறகு, தொடக்கப் பள்ளி எமோகே டீச்சர் கண்ணாடி மாற்ற வந்தார். எதிர்க்கடையைப் பார்த்து உச்சுக்கொட்டினார். பேச்சு சதுக்கத்து மரத்துக்குப் போயிற்று.

"மரம் வைக்கறதுக்கு முன்னாடி லெஹெல் ஸ்கூலுக்கே வந்தான். உள்ள இருக்கறது தெர்மாகோல், வாயில போட்டா தொண்டை அடைச்சுச் செத்துப்போவீங்கன்னு ஒவ்வொரு வகுப்பா நின்னு சொன்னான். பொடிசுங்க ரெண்டு அழுதே விட்டுடுச்சு. ஆனா எங்க பிள்ளைங்க கட்டுப்பாட்டைப் பாருங்க, ஒண்ணுகூடத் தொடலை" என்றார்.