குளிரில் மட்டும் நழுவிய சக்கரம்

முனிராஜ் இறந்த செய்தி காலை ஷிப்ட் தொடங்கும்போது வந்தது. அவனுடைய அண்ணன் அழைத்தார். "தூக்கத்துலயே போயிட்டாம்மா," என்றார். மாரடைப்பு. நான் ஆய்வகத்தில் மாங்கூழின் புளிப்பை அளந்துகொண்டிருந்தேன். அளந்து முடித்தேன். எண்ணை எழுதினேன். பிறகுதான் உட்கார்ந்தேன்.

ஞாயிறுகளில் அவனோடு ஓசூரிலிருந்து சைக்கிளில் கிளம்பியவர்களுக்கு அவனை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு: வேப்பனப்பள்ளிக்காரன். மாந்தோப்புக் குடும்பம். பர்கூர் கல்லூரியில் என் வகுப்பு. பிறகு குருபரப்பள்ளி அருகே ஒரே மாங்கூழ் ஆலையில் வேலை. அவன் இயந்திரப் பராமரிப்பு, நான் தரக் கட்டுப்பாடு. தமிழில் பேசுவான், தெலுங்கில் திட்டுவான்.

இமயமலையில் பனி மூடிய ஒரு கணவாயைச் சைக்கிளில் கடக்க வேண்டும். அந்த ஓர் ஆசைதான் அவனுக்கு. மாம்பழ சீசன் முடிந்தால்தான் ஆலையில் விடுப்பு கிடைக்கும். இந்தச் செப்டம்பர் என்று முடிவு செய்திருந்தான்.

போன டிசம்பரில் அவன் சைக்கிளின் பின்சக்கரம் நழுவத் தொடங்கியது. ராயக்கோட்டைச் சாலை மேட்டில், விடியற்காலைக் குளிரில், மிதித்தால் பெடல் வெறுமனே சுற்றும்; வண்டி நகராது. வெயில் ஏறியதும் சரியாகிவிடும். கடைக்குக் கொண்டுபோகும்போது பழுதே இருக்காது. "வண்டில ஒண்ணுமே இல்ல சார். கால டாக்டர்கிட்ட காட்டுங்க," என்றார் கடைக்காரர். குழுவே சிரித்தது. அவனும் சிரித்தான். திரும்பும் வழியில் என்னிடம் மட்டும் சொன்னான்: "இங்கயே இப்படின்னா, அங்க நான் தள்ளிக்கிட்டுத்தான் போகணும்."

ஜனவரியில் ஆலையின் உறைகிடங்கு ஒன்று காலியானது. கழுவுவதற்கு முந்தைய நாள், சக்கரத்தைக் கூழ் பீப்பாய்க்குள் போடும் பிளாஸ்டிக் பையில் சுற்றிக்கொண்டு வந்து நின்றான்.

"இத உள்ள விட்டா நான் ரிப்போர்ட் எழுதணும்டா."

"எழுது தாயே. சக்கரத்துக்கு ஜலதோஷம்னு எழுது. ஆனா நீயும் கூட வா."

அறை எப்படியும் கழுவப்படப் போகிறது. விட்டேன். சக்கரம் நன்றாகக் குளிர்ந்த பிறகு உள்ளே போனோம். மைனஸ் பதினெட்டு. பற்சக்கரத்தைக் கையால் சுற்றினான். முன்னால் சுற்றினாலும் பின்னால் சுற்றினாலும் ஒரே மாதிரி, பிடிமானம் இல்லாமல், சத்தமில்லாமல் சுழன்றது. வழக்கமான கிரிக் கிரிக் இல்லை. "மாட்டிக்கிச்சு!" என்று கத்தினான். வாயிலிருந்து புகை. ஒரு பழுதைக் கண்டு அவ்வளவு மகிழ்ந்த முகத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

வெளியே மேசையில் வைத்துப் பிரித்தோம். மிதிக்கும் விசையைச் சக்கரத்துக்குக் கொடுக்கும் சின்னக் கொக்கிகள் கெட்டியான கிரீஸில் புதைந்து கிடந்தன. குளிரில் அது இறுகியதும் கொக்கிகள் எழவில்லை. சிவப்பு கிரீஸ். எங்கள் ஆலையுடையது. சீசன் முடிந்ததும் கன்வேயர் பேரிங்குகளில் பிதுங்கி வழியும்வரை அதை அடைப்பது பராமரிப்பு ஆட்களின் வழக்கம்; சும்மா கிடக்கும் மாதங்களில் துரு ஏறாது. தீபாவளி விடுமுறையில் தன் சக்கரத்துக்கும் அவன் அதையே செய்திருந்தான்.

"யாருடா இவ்ளோ வச்சது?"

"பாசம் ஓவராப் போச்சு," என்றான்.

மண்ணெண்ணெயில் கழுவி, தையல் மிஷின் எண்ணெய் சில சொட்டு விட்டு, மறுபடியும் குளிர வைத்தோம். உள்ளே போய்ச் சுற்றினான். கிரிக் கிரிக். "கேளு, கேளு." பிறகு, அதே மூச்சில்: "செப்டம்பர்ல நீயும் வர்ற."

நான் மலையை நினைத்ததே இல்லை. குளிரில் என் பற்கள் தந்தியடித்துக்கொண்டிருந்தன. சரி என்றேன். முன்பதிவு திறந்த அன்றே இரண்டு ரயில் டிக்கெட் எடுத்தான்.

அவன் போனபோது விடுப்புக்கு மூன்று வாரம் இருந்தது. காரியம் முடிந்த அன்று, தோப்பு வீட்டில் அவன் அப்பா கேட்டார்: "அந்த மலை எந்தப் பக்கம்மா?" வடக்கே கை காட்டினேன். அங்கே தெரிந்தது பக்கத்துக்காரரின் மாமரங்கள்தான். அவற்றையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சுவரில் சாய்த்திருந்த அவன் சைக்கிளைத் தொட்டார்.

"இந்த வண்டி அங்க போகுமா?"

"போகும்ப்பா. நாங்க பாத்துட்டோம்."

"அப்ப எடுத்துக்கிட்டுப் போம்மா."

அவனுடைய டிக்கெட்டை ரத்து செய்தேன். என்னுடையதைச் செய்யவில்லை. அவனிடமிருந்து என்னிடம் தங்கியது அந்த ஆசை. முன்பு அது எனக்கு இருந்ததில்லை. சைக்கிள் இப்போது என் அறையில் நிற்கிறது. சீட் அவன் உயரத்தில் இருக்கிறது. உட்கார்ந்தால் என் கால் பெடலுக்கு எட்டாது. இறக்க வேண்டும். இன்னும் இறக்கவில்லை.